ராணி ஊர்ல தண்ணிப் பந்தல் இல்ல

மொத வருஷம் ரெனசான்ஸ் ஃபேருக்குப் போனப்போ நாலு மணி நேரத்துலயே கடுப்பாகித் திரும்பி வந்துட்டோம், அதுல ஒன்னேகால் மணி நேரம் கார்லயே போச்சு. ஹைவேல இருந்து இறங்கினதும் போக ஒரு லேன் வர ஒரு லேன்னு குறுகலா ஒரு ரோடு, ரெண்டு பக்கமும் சோளக்காடு, முன்னாடி கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் கார். பின்சீட்ல பொண்ணு "அம்மா சூச்சூ வருது"ன்னு ஆரம்பிச்சிட்டா. எதிர்ல கேட்ட தாண்டித் திரும்பி வந்த ஒரு கார்ல ஒருத்தர் முழு இரும்புக் கவசம் போட்டுக்கிட்டு ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காரு, தலைக்கவசத்த மட்டும் கழட்டி டேஷ்போர்டுல வெச்சிருக்காரு. ஜன்னல இறக்கி எங்களுக்கு ஒரு வணக்கம் வெச்சிட்டுப் போனாரு. அன்னைக்கு நடந்த ஒரே நல்ல விஷயம் அது தான்னு ரொம்ப நாள் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

இது என்ன திருவிழான்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன். அமெரிக்காவுல பல ஊர்கள்ல 1500கள் காலத்து இங்கிலாந்து கிராமம் மாதிரி மரங்களுக்கு நடுவுல செட் போட்டு, ராணி, வீரனுங்க, கூத்தாடிங்க, கொல்லன், கண்ணாடி ஊதுறவன்னு ஒரு ஊரையே நடிக்க விட்டு, பெரும்பாலும் சனி ஞாயிறுல, ரெண்டு மாசம் போல நடத்துவாங்க. 1963ல லாஸ் ஏஞ்சலஸ்ல ஃபிலிஸ் பேட்டர்சன்னு ஒரு டீச்சர், ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்டறதுக்காக மொத மொதல்ல ஆரம்பிச்சது தான் இது, ரெண்டே நாள் நடந்துச்சாம். அப்புறம் 1971ல மினசோட்டா, 1974ல டெக்ஸாஸ்னு பரவி, டெக்ஸாஸ்ல நடக்குறதுக்கு இப்ப சீசனுக்கு லட்சக்கணக்குல கூட்டம் வருது. நாங்க போறது மிட்வெஸ்ட் பக்கம் ஒரு நடுத்தர சைஸ் ஃபேர். பேர் சொல்லல, ஏன்னா கொஞ்சம் திட்டவும் போறேன்.

மொத வருஷம் வீட்டுக்கு வந்ததும் ஈமெயில்ல ஒரு சர்வே வந்திருந்துச்சு. ஸ்டார் போடணும், கடைசில ஒரு பெட்டி, உங்க கருத்தச் சொல்லுங்கன்னு. தலைவலியோட உக்காந்து கொட்டித் தீத்துட்டேன். டிக்கெட் ஆளுக்கு முப்பது டாலருக்கு மேல, பார்க்கிங்குக்குத் தனி காசு, சாப்பாடு கொள்ளை, டாய்லெட் நாத்தம், வெயில் தாங்கல, ரெனசான்ஸ்னு பேர் வெச்சிட்டு முதுகுல றெக்கை கட்டின தேவதைங்களும் கடற்கொள்ளைக்காரனுங்களும் சுத்துறாங்க, இதுல சரித்திரம் எங்க இருக்குன்னு வேற ஒரு கேள்வி. பதிலே வரல. இப்ப அதப் படிச்சா எனக்கே புரியுது, அந்த லெட்டர வெச்சுக்கிட்டு யாரும் ஒரு ஆணியக் கூட அடிக்க முடியாது. எந்த டாய்லெட், எத்தன மணிக்கு, எங்க வெயில், எதுவுமே இல்ல, வெறும் கோவம் தான்.

ரெண்டாவது வருஷம் நாங்க போறதாவே இல்ல. மாமா, அதாவது என் மாமனார், தஞ்சாவூர்ல இருந்து ஆறு மாசம் தங்க வந்திருந்தாரு. ரிட்டயர்டு ஹிஸ்டரி வாத்தியார். மால் காட்டியாச்சு, நயாகரா காட்டியாச்சு, எல்லாத்துக்கும் "ம், நல்லா இருக்கு"ன்னு ஒரே பதில். ஃபேர் போஸ்டரப் பாத்துட்டு "எந்த ராணி காலம்மா இது?"ன்னு கேட்டாரு. முதலாம் எலிசபெத் காலம் மாமான்னேன். "அப்ப 1558க்கு மேல. அங்க அவங்க பட்டத்துக்கு வந்து ஏழே வருஷத்துல நம்ம பக்கம் விஜயநகரம் தோத்த தலைக்கோட்டைப் போர்"னு தனக்குத் தானே கணக்குப் போட்டுக்கிட்டு, சட்டைய மாத்திட்டு வந்து கிளம்பலாமான்னு நின்னாரு.

இந்தத் தடவ ஒன்பதரைக்கே பார்க்கிங்ல இருந்தோம். யாராவது போறதா இருந்தா நான் முதல்ல சொல்றது இது தான், கேட் திறக்குறதுக்கு அர மணி நேரம் முன்னாடியே போய் நின்னுடுங்க. ட்ராஃபிக் இல்லங்கறது மட்டும் இல்ல, கேட் மேல இருக்கற மாடத்துல நின்னு நடிகருங்க ஒரு சின்ன கூத்து நடத்தி, பத்து மணிக்கு பீரங்கி வெடிச்சுக் கதவத் திறப்பாங்க, அத பதினொன்றைக்கு வர்ற யாரும் பாக்க மாட்டாங்க. திரும்பறப்பவும் அப்படித்தான், மூன்றைக்குள்ள கிளம்பிடுங்க, இல்லன்னா சாத்துற வரைக்கும் இருந்து கடைசிப் பாட்டுக் கச்சேரியக் கேட்டுட்டு மெதுவா வாங்க. நடுவுல அஞ்சு மணிக்குக் கிளம்பினா சோளக்காட்டுலயே பொழுது சாஞ்சிரும்.

பொண்ணுக்கு அன்னைக்குப் பட்டுப்பாவாட போட்டு விட்டோம். வேஷம் வாடகைக்கு எடுக்கணும்னா காசு அதிகம், வீட்டுல பொங்கலுக்குத் தச்ச அரக்குப் பாவாட சும்மா தான் கிடந்துச்சு. அதுல ஒரு விஷயம் புரிஞ்சுது. மொத வருஷம் ஜீன்ஸ் டிஷர்ட்ல போனப்ப வேஷம் போட்ட ஒருத்தர் கூட எங்க பக்கம் வந்து பேசல. எல்லாரும் முன்னாடி போற வெள்ளக்கார குடும்பத்துகிட்ட "குட் மாரோ மை லேடி"ன்னு குனியறாங்க, நாங்க வந்தா லேசா சிரிச்சிட்டு நகந்துடறாங்க. ஒதுக்கணும்னு பண்ணினதா நான் நினைக்கல, இவங்களுக்கு இது புரியுமோ புரியாதோங்கற தயக்கமா இருக்கலாம், ஆனா டிக்கெட் எல்லாருக்கும் ஒரே காசு தான? பாவாடையப் பாத்ததும் பழம் விக்கற ஒரு பாட்டி வேஷக்காரங்க மண்டி போட்டு உக்காந்து "எந்த தூர தேசத்து இளவரசி நீங்க?"ன்னு கேட்டாங்க. இவ வெக்கப்பட்டு என் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு "தஞ்சாவூர்"ன்னா. அந்தம்மா அந்த வார்த்தைய ரெண்டு தடவ சொல்லிப் பழகிக்கிட்டாங்க, மத்தியானம் வேற ஒரு தெருவுல பாத்தப்ப "தஞ்சாவூர் இளவரசி வர்றாங்க, வழி விடுங்க"ன்னு கூவினாங்க. பட்டு வேட்டியோ சேலையோ எதுவா இருந்தாலும் போட்டுட்டுப் போங்க, அந்தக் காலத்துல நம்ம ஊரும் பூமியில தான இருந்துச்சு. ஆனா வேஷம் போடாம வர்றவங்ககிட்டயும் போய் பேசுங்கன்னு அப்புறம் எழுதின லெட்டர்ல சொன்னேன், அத இப்பவும் விட்டுக்குடுக்க மாட்டேன்.

பன்னெண்டு மணிக்கெல்லாம் வெயில் மண்டையப் பொளந்துச்சு. குதிரைச் சண்டை ஒரு மணிக்கு, ஆனா பன்னெண்டேகாலுக்கே பெஞ்ச் நிறைஞ்சு போச்சு. அலுமினிய பெஞ்ச், தோச சுடலாம். நாங்க பாத்தது ஒத்திகை பாத்து நடத்துற ரகம், ஈட்டியோட நுனி மட்டும் பால்சா மரம், உடையறதுக்குன்னே மாட்டினது. நெஜமாவே மோதுற ரகமும் சில ஃபேர்கள்ல உண்டு. எதுவா இருந்தாலும் குதிரை ரெண்டும் எதிரெதிரா பாய்ஞ்சு வர்றப்ப தரை அதிருது பாருங்க, அதுக்காகவே போலாம். ஆனா மாமா அதப் பாக்கல. முட்டிவலி, வேர்த்துக் கொட்டுது, தண்ணி வேணும். கையில இருந்த பாட்டில் காலி. மைதானத்துக்கு மேற்கே ஒரே ஒரு குழாய், அதுல நூல் மாதிரி தண்ணி வருது, வரிசையில இருபத்தாறு பேர். நான் எண்ணினேன், வேற வேல இல்ல. பக்கத்துக் கடையில பாட்டில் தண்ணி அஞ்சு டாலர்.

மாமா அந்த வரிசையப் பாத்துட்டு சொன்னாரு, "ஏம்மா, இவ்ளோ பெரிய திருவிழா, ராணியே வந்து உக்காந்திருக்கா, ஒரு தண்ணிப் பந்தல் போடக் கூடாதா? எங்க ஊர்ல சித்திரைத் தேருக்கு வெத்தலைக் கடைக்காரன் கூட ரெண்டு பானை மோர் வெப்பானே." சாதாரணமா தான் சொன்னாரு. நான் மொத வருஷம் எழுதின ஒரு பக்கக் கோவத்துல எங்கயுமே இது இல்ல. ஃபோன எடுத்து நோட் பண்ணினேன்: 12:20, மைதானம் மேற்கு, ஒரு குழாய், 26 பேர், என் முறை வர 9 நிமிஷம். அதுக்கப்புறம் நாள் பூரா இதே வேலையாகிடுச்சு, என் வீட்டுக்காரரு "நீ ஃபேர் பாக்க வந்தியா இன்ஸ்பெக்ஷன் பண்ண வந்தியா"ன்னு கிண்டல் பண்ற அளவுக்கு.

சாப்பாட்டுக்கு வர்றேன். ஊருக்கே அடையாளம் வான்கோழிக் கால், ஆளாளுக்கு ஒரு கதாயுதம் மாதிரி தூக்கிட்டு நடப்பாங்க. வேடிக்க என்னன்னா வான்கோழியே அமெரிக்கப் பறவை, 1500கள்ல தான் இங்கிலாந்துக்குப் போய் சேந்துச்சு, நம்ம வீட்டு மிளகா அதே காலத்துல போர்ச்சுகீஸ்காரங்க மூலமா நமக்கு வந்த மாதிரி. சைவக்காரங்களுக்கு அன்னைக்கு இருந்தது சுட்ட சோளம், ப்ரெட்செல், உருளைக்கிழங்கு வறுவல். மாமா சைவம். சோளத்தக் கையில வெச்சுக்கிட்டே க்ளாஸ் எடுக்க ஆரம்பிச்சாரு, "அந்தக் காலத்து ஏழை ஜனம் தினம் கறியா தின்னாங்க? பட்டாணியப் போட்டுக் கொதிக்க வெச்ச கூழ் தான் குடிச்சாங்க, அதப் போட்டா சரித்திரமும் சரியா இருக்கும், வயிறும் நிறையும், செலவும் கம்மி." இதையும் அப்படியே எழுதிக்கிட்டேன்.

கடைத்தெருவுல நடந்த கூத்த சொல்லியே ஆகணும். வைக்கிங் வீரனுங்க குடிக்கிற கொம்புக் கோப்பைன்னு ஒரு கடையில அடுக்கி வெச்சிருந்தாங்க, எருமைக் கொம்பு, வாயில பித்தளைப் பூண், நாப்பத்தஞ்சு டாலர். கடைக்காரரு தாடிய நீவிக்கிட்டு வடதேசத்துக் கதை ஒன்னு விட்டுட்டு இருந்தாரு. மாமா கோப்பையத் திருப்பிப் பாத்தாரு, அடியில சின்னதா மேட் இன் இண்டியா ஸ்டிக்கர். உத்தரப்பிரதேசத்துல சம்பல்னு ஒரு ஊர், கொம்பு எலும்பு வேலைக்குப் பேர் போனது, அங்க இருந்து இந்த மாதிரி சரக்கு உலகம் பூரா போகுது. பக்கத்துல இருந்த பித்தளை காம்பஸும் மொராதாபாத் பக்கத்துச் சரக்கு மாதிரி தான் தெரிஞ்சுது. நம்ம ஊர் ஆளுங்க செஞ்சத விக்கறதுல எனக்கென்ன வருத்தம், சந்தோஷம் தான். ஆனா எதிர் கடையில ஒரு பொண்ணு உக்காந்து இரும்பு வளையத்த ஒன்னு ஒன்னா இடுக்கியில பிடிச்சுக் கோத்துக் கவசம் பின்னிட்டு இருக்கா, ரெண்டு கடைக்கும் ஒரே மாதிரி போர்டு, "கைவினைப் பொருட்கள்". வாங்க வர்றவனுக்கு எப்படித் தெரியும்? இங்கயே உக்காந்து செய்யறவங்க கடைக்கு ஒரு தனி அடையாளம் போடுங்கன்னு எழுதினேன்.

கண்ணாடி ஊதுறவர்கிட்ட தான் நான் நிறைய கத்துக்கிட்டேன். ஷோ முடிஞ்சு கூட்டம் கலைஞ்சதும் ஊதுகுழல ஆற வெச்சுட்டு மாமாகிட்ட பேச உக்காந்துட்டாரு. நான் டாய்லெட் பத்திப் புலம்பினேன். அவரு சிரிச்சிட்டு, "எல்லாரும் எங்ககிட்ட தான் திட்டுறாங்க, எங்களுக்கு ஒரு குழாயக் கூட மாத்த அதிகாரம் இல்ல"ன்னாரு. அப்புறம் விளக்கினாரு. நிலமும் கேட்டும் பார்க்கிங்கும் டாய்லெட்டும் நடத்துறவங்களோடது. கடைக்காரங்க பெரும்பாலும் இடத்துக்கு வாடகை குடுத்துட்டு சொந்தமா யாவாரம் பண்றவங்க. மேடையில ஆடுறவங்களுக்கு நடத்துறவங்க குடுக்குற சம்பளம் கொஞ்சம் தான், மீதி எல்லாம் ஷோ முடிவுல தொப்பியில விழுற காசு. நீங்க நல்லா இருந்துச்சுன்னு எழுதினா எந்த மேடை, எந்த ஷோ, எந்த நாள்னு எழுதுங்க, அடுத்த வருஷம் கூப்பிடறப்ப அது அவங்களுக்கு உதவும்னாரு.

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. மொத வருஷம் ஒரு சேத்துக் குளத்துல மூணு பேர் உருண்டு பிரண்டு அர மணி நேரம் வயிறு வலிக்கச் சிரிக்க வெச்சாங்க, கடைசில தொப்பிய நீட்டறப்ப நாங்க பின்பக்கமா நழுவி வந்துட்டோம். டிக்கெட் வாங்கியாச்சு, இன்னும் என்னங்கற நெனப்பு. மாமாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டி இருக்கல, மொத ஷோலயே தொப்பி வர்றதுக்கு முன்னாடி அஞ்சு டாலர மடிச்சுக் கையில வெச்சிருந்தாரு. தெருக்கூத்துல துண்ட ஏந்தி வருவாங்கல்ல, அதப் பாத்து வளந்தவரு. ஒன்னு அஞ்சுன்னு சில்லறை நோட்டா வீட்டுல இருந்தே எடுத்துட்டுப் போங்க. உள்ள ஏடிஎம் இருக்கும், வரிசையும் இருக்கும், எடுக்கறதுக்குத் தனி காசும் பிடிப்பான்.

சாயங்காலம் நாலு மணிக்கு ராணி ஊர்வலம். முன்னாடி கொடி, பின்னாடி முரசு, ஜனங்க எல்லாம் "காட் சேவ் த க்வீன்"னு கத்துறாங்க. ராணி ஒவ்வொருத்தரா பாத்து ரெண்டு வார்த்த பேசிட்டு வர்றாங்க, பாவாடையப் பாத்ததும் எங்ககிட்ட நின்னாங்க. மாமா முட்டிவலியோட நல்லாவே குனிஞ்சு வணக்கம் வெச்சிட்டு, க்ளாஸ்ல பேசற அதே இங்கிலீஷ்ல, "மகாராணி, ஒரே ஒரு விண்ணப்பம், 1600 டிசம்பர் 31 அன்னைக்கு ஒரு பேப்பர நீட்டுவாங்க, தயவு செஞ்சு அதுல கையெழுத்துப் போட்டுடாதீங்க"ன்னாரு. எனக்கு உயிரே போச்சு. ராணி ஒரு செகண்ட் முழிச்சாங்க, பக்கத்துல இருந்த மந்திரி வேஷக்காரர் காதுல ஏதோ சொன்னாரு, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி குடுத்த பட்டயம்ங்கறது எனக்கே கேட்டுச்சு. சட்டுன்னு நிமிர்ந்து, "குறிச்சுக்கோ, தஞ்சாவூர்ல இருந்து தூதர் வந்து எச்சரிச்சிருக்காரு, அந்த வருஷக் கடைசில எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடு"ன்னாங்க. சுத்தி நின்ன கூட்டம் "ஹஸ்ஸா!"ன்னு ஒரே கத்தல். அமெரிக்கா வந்து நாலு மாசத்துல மாமா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. மொத வருஷம் இதுல சரித்திரம் எங்க இருக்குன்னு எழுதினேன் பாருங்க, அந்த வரிக்காக இன்னைக்கும் எனக்குக் கூச்சமா இருக்கு. தேவதைங்க, கடற்கொள்ளைக்காரனுங்க எல்லாரும் வரட்டும், அந்த ராணி ஒரு வயசான மனுஷனுக்காக அந்த இடத்துலயே யோசிச்சு ஒரு வசனம் பேசினாங்களே, அது போதும்.

அன்னைக்கு ராத்திரியே லெட்டர் எழுதினேன். இந்தத் தடவ மொதல்ல ராணிய எழுதினேன், நாள், நேரம், எந்தத் தெரு முனைன்னு. அப்புறம் சேத்துக் குளத்து ஆளுங்க, பழக்காரப் பாட்டி. அதுக்குக் கீழ தான் குழாய், பெஞ்சுக்கு நிழல், பட்டாணிக் கூழ், கடைக்கு அடையாளம், பழைய டாய்லெட் வரிசையில கை கழுவற மிதி பம்ப் ரெண்டு வேலை செய்யலங்கறது, வெளிய போற ட்ராஃபிக். ஒவ்வொன்னும் ரெண்டு வரி. மூணு வாரம் கழிச்சு பதில் வந்துச்சு, கூடவே அவங்க மேப்ப இணைச்சு, நீங்க சொன்ன குழாய் எதுன்னு இதுல வட்டம் போட்டுக் குடுக்க முடியுமான்னு ஒரு கேள்வி. முடியுமாவா, வட்டம் போட்டு அம்பு வேற போட்டு அனுப்பினேன். இப்பல்லாம் கையோட மேப்ப வாங்கி அதுலயே குறிச்சு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கறேன், எழுதறவங்களுக்கும் ஈசி, படிக்கறவங்களுக்கும் ஈசி.

போன வருஷம், அதாவது மூணாவது தடவ, மாமா ஊருக்குத் திரும்பிட்டாரு, நாங்க மூணு பேர் தான் போனோம். மைதானத்துக்கு மேற்கே பாட்டில் நிரப்பற குழாய் புதுசா வரிசையா நாலு வெச்சிருந்தாங்க, ஃப்ரீ. பாதி பெஞ்சுக்குத் துணிப் பந்தல் கட்டியிருந்தாங்க, மீதிப் பாதி இன்னும் தோசக்கல் தான். ஒரு கடையில ரொட்டியக் குடைஞ்சு கிண்ணமாக்கி அதுல பருப்பு சூப் ஊத்திக் குடுத்தாங்க, மாமா சொன்னதாலயா இல்ல அவங்களே யோசிச்சதான்னு தெரியாது, நான் மாமா சொன்னதாலன்னு தான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். கடைக்கு அடையாளம் போடறது நடக்கல, கடைக்காரங்க ஒப்பந்தம் அது இதுன்னு பதில்ல சொல்லியிருந்தாங்க, அந்தத் தாடிக்காரர் அதே கொம்போட அதே கதையச் சொல்லிட்டு இருந்தாரு. ரோடு கவுண்ட்டியோடது, அதாவது நம்ம மாவட்ட நிர்வாகம் மாதிரி, நாங்க ஒன்னும் பண்ண முடியாதுன்னுட்டாங்க, அது நியாயம் தான்.

பொண்ணு அந்தப் புதுக் குழாய்ல பாட்டில் நிரப்பற மாதிரி ஃபோட்டோ எடுத்து மாமாவுக்கு வாட்ஸப்புல அனுப்பினேன், பாருங்க மாமா உங்க தண்ணிப் பந்தல்னு. அங்க நடுராத்திரி, தூங்காம இருந்திருக்காரு, உடனே வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. "ரொம்ப சந்தோஷம்மா. ஆனா இது குழாய் தான, பந்தல் எங்க? புள்ள வெயில்லல்ல நிக்குது."

இந்த வருஷ லெட்டர்ல அது தான் மொதப் பாயிண்ட்.